குருடோங்மார் ஏரிக்கு நாள் குறிக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வடசிக்கிமில் உள்ள குருடோங்மார் ஏரியைப் பற்றி அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். ஏரியின் நீல நிறத்தையும், அதற்குப் பின்னால் எழும் பனிமலைகளையும், கரையில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகளையும் கட்டுரையாளர் அழகாக எழுதியிருந்தார். ஆனால் எந்த மாதத்தில் போகலாம், எந்த மாதத்தில் போகக்கூடாது, போனால் எத்தனை நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அதே பக்கத்தின் அடியில், காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டி அந்த ஏரிக்கு அழைத்துச் செல்வதாக ஒரு சுற்றுலா விளம்பரம் இருந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தபோது இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். அந்த ஏரியைப் பார்க்க இரண்டு முறை புறப்பட்டு, ஒரு முறைதான் பார்த்தவன்.

குருடோங்மார் ஏரி கடல்மட்டத்திலிருந்து 17,000 அடிக்கு மேல் இருக்கிறது. பௌத்த ஞானியான குரு பத்மசம்பவர் தொட்ட இடம் மட்டும் கடுங்குளிரிலும் உறைவதில்லை என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. பௌத்தர்களுக்கும் சீக்கியர்களுக்கும் அது புனிதமான நீர்நிலை. அங்கே தங்க இடம் கிடையாது. ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில் உள்ள லாச்சென் என்ற சிற்றூரில் இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டு, தாங்கு என்ற இடத்தையும் ராணுவச் சோதனைச் சாவடிகளையும் கடந்து, ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிட வேண்டும். லாச்செனுக்கே சிக்கிமின் தலைநகரான கேங்டாக்கிலிருந்து ஒரு பகல் பயணம். கேங்டாக்கை அடைய, நியூ ஜல்பாய்குரி ரயில் நிலையத்திலிருந்தோ பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்தோ தீஸ்தா ஆற்றை ஒட்டியே மலையேற வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வழியில் ஏதேனும் ஓரிடத்தில் மழை விழுந்து மண் சரிந்தாலும் பயணம் முழுவதும் நின்றுவிடும்.

நாம் செய்யும் முதல் தவறு, நம் ஊர் நாட்காட்டியை வைத்துக்கொண்டு அந்த மலைக்கு நாள் குறிப்பதுதான். நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஐப்பசி அடைமழை என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆகவே ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் பயணம் போனால் மழைத் தொல்லை இராது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. சிக்கிமில் நிலைமை நேர் எதிர். வங்கக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வடக்கே செல்லும் தென்மேற்குப் பருவக்காற்று, கிழக்கு இமயமலையில் மோதி அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. ஜூன் முற்பகுதியில் தொடங்கும் அந்த மழை அக்டோபர் இரண்டாம் வாரம் வரை முழுமையாக விலகுவதில்லை. நாம் குடையைத் தேடும் ஐப்பசியில்தான் அங்கே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும்; நாம் வெயிலில் வாடும் ஆடியில்தான் அங்கே சாலைகள் ஆற்றோடு போகும்.

நம் பள்ளி விடுமுறைகளை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் கவலை இன்னும் கூடுகிறது. காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பருவமழை அங்கிருந்து இன்னும் கிளம்பியிருக்காது. நான்கு மாத மழையில் ஊறிய மலைச்சரிவுகளோ, இன்னும் ஒரு மழை பெய்தால் போதும் என்ற நிலையில் இருக்கும். 1968இல் தீஸ்தாவின் பெருவெள்ளம் ஜல்பாய்குரி நகரையே மூழ்கடித்தது அக்டோபர் முதல் வாரத்தில்தான். அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் இறுதியிலோ மழை இல்லை என்றாலும், மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் திடீர்ப் பனிப்பொழிவைக் கொண்டுவருகின்றன. 2018 டிசம்பர் 28 அன்று, குருடோங்மாரைவிட மிகத் தாழ்வான, 12,400 அடி உயரத்திலுள்ள சோம்கோ ஏரிக்கும் நாதுலா கணவாய்க்கும் போய்த் திரும்பிய 2,500க்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கி, ராணுவ முகாம்களில் இரவைக் கழிக்க நேர்ந்தது. கோடை விடுமுறைதான் ஓரளவு பொருந்தி வருகிறது. அதிலும் ஏப்ரல் பிற்பாதியும் மே முற்பாதியும் மட்டும்தான் என்பது என் கருத்து. மே கடைசி வாரத்தை நெருங்க நெருங்க ஆபத்து கூடுகிறது. 2025இல் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பெய்த பெருமழையில் லாச்செனிலும் அடுத்த பள்ளத்தாக்கான லாச்சுங்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வெளியேற வழியின்றி நின்றனர். லாச்செனுக்கு அருகே சாட்டேனில் இருந்த ராணுவ முகாமின் மீதே மலை சரிந்து வீரர்கள் உயிரிழந்தனர். மலையையே காவல் காத்து வாழ்பவர்களுக்கு நேர்ந்தது இது.

என் முதல் பயணம் 2018 செப்டம்பர் இறுதியில், காலாண்டு விடுமுறையில் அமைந்தது. நானும் என் மனைவியும், தம்பியும் அவன் மனைவியும், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் போனோம். ஒரு சுற்றுலா நிறுவனம் எங்களுக்காகப் போட்டுத் தந்த அட்டவணையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணிநேரமும் நிரப்பப்பட்டிருந்தது. திரும்பும் ரயில், லாச்செனிலிருந்து இறங்கிய மறுநாளே. அதைப் பார்த்தபோது கொடுத்த பணத்துக்கு ஒரு நாளும் வீணாகவில்லை என்று மகிழ்ந்தோமே தவிர, அதில் மூச்சுவிட இடமில்லை என்பது உறைக்கவில்லை. கேங்டாக்குக்கும் லாச்செனுக்கும் இடையே உள்ள மங்கனைத் தாண்டியதும் சாலையில் மண் சரிந்து, எந்திரம் வந்து அகற்றும்வரை பல மணிநேரம் நின்றோம். லாச்செனை அடைந்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிடாமலேயே தூங்கிப் போனார்கள். இரவெல்லாம் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் அதிகாலையில், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஓட்டுநர், "மேலே ஒருவேளை வெயில்கூட அடிக்கும், ஆனால் கீழே வழி இருக்குமா என்று தெரியவில்லை, இன்று இறங்கிவிடுவது நல்லது" என்றார். தொலைபேசியில் நிறுவனத்தைச் சேர்ந்தவரிடம் கேட்டபோது, ஏரிக்குப் போகாவிட்டாலும் பணம் திரும்பக் கிடைக்காது என்றும், போவதும் போகாததும் எங்கள் விருப்பம் என்றும் சொல்லிவிட்டார். இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில் மேலே போகவே முடிவு செய்தோம். அந்த முடிவை எடுத்தவன் நான்தான். தாமதமாகப் புறப்பட்டுத் தாங்குவை அடைவதற்குள் தம்பிக்குத் தலைவலி தாங்க முடியவில்லை. இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். சாவடியில் இருந்த வீரர் நேரத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போங்கள் என்றார். இறங்கும் வழியில் சுங்தாங்குக்குக் கீழே மீண்டும் மண்சரிவு. ஓர் இரவு முழுவதும் அங்கேயே கழிந்தது, ரயில் போய்விட்டது. போன பணத்தைவிட, தம்பியின் பிள்ளைகள் அன்றிரவு வண்டிக்குள் இருந்தபடி, மேலேயிருந்து கல் உருளும் ஓசை கேட்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டதுதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகுதான், அந்த ஓட்டுநர் ஒரு வாக்கியத்தில் சொன்னதன் முழுப் பொருள் எனக்குப் புரிந்தது. பருவமழைக் காலத்தில் குருடோங்மாரின் வானிலையைக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போவார்கள். தாங்குவுக்கு மேலே உள்ள நிலம் திபெத்தியப் பீடபூமியின் தொடர்ச்சி. முன்னால் நிற்கும் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் அது வறண்ட குளிர்ப் பாலைவனம். ஏரியில் வெயில் அடிக்கும் அதே வேளையில், அதற்குப் போகும் வழியில் மங்கனிலும் சுங்தாங்கிலும் மழை கொட்டிக்கொண்டிருக்கும். எனவே பார்க்க வேண்டியது ஏரியின் வானிலையை மட்டுமன்று, சிலிகுரியிலிருந்து லாச்சென் வரையுள்ள வழி முழுவதன் வானிலையையும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கேங்டாக் மையம் மாவட்ட வாரியாக வெளியிடும் ஐந்து நாள் எச்சரிக்கைகளில் மங்கன் மாவட்டத்தையும் கேங்டாக் மாவட்டத்தையும் அன்றாடம் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் தெருவில் தண்ணீர் தேங்கும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். அங்கே ஆரஞ்சு என்றால் மலை நகரக்கூடும் என்று பொருள் கொள்வதே நல்லது. மழை நின்ற மறுநாளே புறப்படுவதும் தவறு. நீர் ஊறிய சரிவுகள் வெயில் அடித்த பின்னும் இடிந்து விழுகின்றன.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பதை நான் மறுக்கவில்லை. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடுகிறது. வானிலை முன்னறிவிப்போ ஐந்து, ஆறு நாட்களைத் தாண்டினால் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. அறுபது நாட்களுக்கும் ஐந்து நாட்களுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை எந்தக் கைப்பேசிச் செயலியாலும் நிரப்ப முடியாது. பருவத்தை அறிந்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும், அட்டவணையில் வெற்று நாட்களை விட்டுவைப்பதும்தான் அதற்கு வழி. லாச்செனில் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவுகள், கேங்டாக்குக்கு இறங்கிய பின் திரும்பும் ரயிலுக்கு முன் குறைந்தது ஒன்றரை நாள் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் மழையோ பனியோ தடுத்தாலும் மறுநாள் போகலாம். ஒரு நாள் சாலை அடைபட்டாலும் ரயிலைப் பிடிக்கலாம். அந்த வெற்று நாள் தேவைப்படாமல் போனால் கேங்டாக்கில் அமர்ந்து தேநீர் குடித்தபடி கஞ்சன்ஜங்காவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுவும் பயணம்தான்.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். விடியுமுன் புறப்படச் சொல்வதும், நண்பகலுக்கு முன் ஏரியைவிட்டு இறங்கச் சொல்வதும் ஓட்டுநர்களின் அவசரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தெளிவான காரணம் உண்டு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் காலையில் பீடபூமி அமைதியாக இருக்கும். அடர்த்தி குறைந்த காற்றின் வழியே வரும் வெயில், மரமற்ற அந்தத் தரையை விரைவில் சூடேற்றிவிடும். சூடான காற்று மேலெழும்பிக் கலக்கும்போது, உயரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் மேலைக்காற்று தரைவரை இறங்கிவிடும். நண்பகல் நெருங்கும்போது நிற்க முடியாத அளவுக்குக் காற்று வீசும்; மண்ணும் பொடிக்கல்லும் முகத்தில் அறையும். வெப்பநிலைமானி பூஜ்ஜியம் காட்டினாலும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடல் உணர்வது ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரிக் குளிர். லாச்செனுக்கும் ஏரிக்கும் இடையே 8,000 அடி உயர வேறுபாடு இருப்பதால், லாச்செனில் உள்ள வெப்பநிலையைவிட மேலே 15 டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு உடை எடுத்துச் செல்ல வேண்டும்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாக மருத்துவர்கள் எழுதுவதே முறை. 17,000 அடியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் வாழும் நமக்குப் பழகிய அளவில் ஏறத்தாழ பாதிதான். 9,000 அடியிலிருந்து நான்கு மணி நேரத்தில் அந்த உயரத்தை எட்டுவது உடலுக்குப் பெரிய அதிர்ச்சி. வழியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது வானிலைக்காக மட்டுமன்று. உடல் பழகுவதற்கும் அதே நாள் பயன்படுகிறது. தலைவலியும் குமட்டலும் வந்துவிட்டால் கீழே இறங்குவதே மருந்து. மாத்திரையையோ சிறிய ஆக்சிஜன் குப்பியையோ நம்பி மேலே ஏறக்கூடாது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களும் கைக்குழந்தைகளை வைத்திருப்பவர்களும் தாங்குவுக்கு மேல் போகும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

ஐப்பசியில் வானம் துடைத்தாற்போல் இருக்கும் என்று மேலே எழுதினேன். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. வங்கக் கடலோரத்தில் வாழும் நாம் அதை எளிதில் புரிந்துகொள்வோம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் கரையைக் கடந்ததும் தீர்ந்துவிட்டன என்று நாம் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாட்களில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் கணவாயிலும் சுற்றிலும் மலையேறிகளும் உள்ளூர் மக்களுமாக 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆண்டிலேயே மிகத் தெளிவான வானிலைக்குப் பெயர்பெற்ற மாதம் அது. ஆகவே இலையுதிர் காலத்தில் இமயமலை ஏரிகளுக்குப் போகிறவர்கள் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் லாச்செனிலிருந்து வண்டியைக் கிளப்ப வேண்டும்.

எந்தக் கணக்குக்கும் அடங்காத நிகழ்வுகளும் உண்டு. 2023 அக்டோபர் 3 நள்ளிரவை ஒட்டி, வடசிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரியில், கரையாக நின்ற கல்லும் மண்ணும் சேர்ந்த திட்டு இடிந்து விழுந்து ஏரி உடைந்தது. மறுநாள் விடியுமுன்பே சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டு, லாச்செனுக்குச் செல்லும் பாலங்களும் சாலைகளும் அழிந்தன. வானிலை சீரடையாததால் பல நாட்கள் ஹெலிகாப்டர்கள்கூடப் பறக்க முடியவில்லை. இதை எந்தப் பயணியும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. ஆனால் அதன் பிறகு அந்த வழியின் சாலைகளும் பாலங்களும் முன்போல் உறுதியாக இல்லை. முன்பு தாங்கிய மழையை இப்போது தாங்குவதில்லை. 2024 ஜூனில் லாச்சுங்கில் 1,200 பேர் அளவில் சிக்கிக்கொண்டபோதும் இதுவே வெளிப்பட்டது. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்று நாள் குறிப்பது சரியாகாது. அந்தப் பகுதிக்குள் செல்லத் தேவையான அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறதா, லாச்சென் சாலை திறந்திருக்கிறதா என்பதை மங்கன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பிலிருந்து, புறப்படும் நாளில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை நானும் என் மனைவியும் மட்டும் 2019 நவம்பர் தொடக்கத்தில் போனோம். பிள்ளைகளுக்கு விடுமுறை இல்லை. ஆகவே அவர்கள் வரவில்லை. லாச்செனில் இரண்டு இரவுகள் வைத்திருந்தோம். முதல் நாள் காலையில் மேலே பனி விழுந்திருப்பதாகச் சொன்னதால் போகவில்லை, ஊருக்குள்ளேயே நடந்தோம். வீட்டு முற்றங்களில் விறகை அடுக்கிக் குளிர்காலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு முன்பே புறப்பட்டு, எட்டு மணியளவில் ஏரிக்கரையில் நின்றோம். காற்றே இல்லை. நீரின் ஓரங்களில் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் உறைபனி படியத் தொடங்கியிருந்தது. நடுவில் மலைகள் தலைகீழாக அசையாமல் நின்றன. நாற்பது நிமிடம் இருந்தோம். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் இருவரும் பேசவில்லை. இறங்கும்போது எதிரே ஏறி வந்த வண்டிகளைப் பார்த்தோம். நாங்கள் தாங்குவை அடைவதற்குள் காற்று புழுதியைக் கிளப்பத் தொடங்கிவிட்டது.

இதைக் கருதித் தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். உயரமான மலைப்பகுதிகளைப் பற்றிய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, அந்த இடத்தின் உயரம், மழைக்கும் பனிக்கும் உரிய மாதங்கள், தேவைப்படும் கூடுதல் நாட்கள் ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்துக்குள் கட்டாயம் அச்சிட வேண்டும். கட்டுரையாளர் தாம் போன மாதத்தையும் குறிப்பிட வேண்டும். நவம்பரில் எடுத்த படத்தைப் பார்த்து ஜூலையில் புறப்படுகிறவர்கள் பலர். அடுத்து, காலாண்டு விடுமுறைக்கு வடசிக்கிம் பயணங்களை விளம்பரப்படுத்தும் நிறுவனங்களிடம், வானிலையால் ஏரிக்குப் போக முடியாமல் போனால் மாற்று நாள் உண்டா, பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை விளம்பரத்திலேயே தெரிவிக்குமாறு தங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும். பணம் போய்விடுமே என்ற ஒரே காரணத்துக்காக, அன்று நான் என் தம்பியின் பிள்ளைகளை மழையில் மலைமேல் ஏற்றினேன். காலாண்டுத் தேர்வுகள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்திருப்பவர்கள் நாளை மாற்றிக்கொள்ள இப்போதும் நேரம் இருப்பதால், இக்கடிதத்தைக் கூடிய விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.